கன்றின் உயிர் காக்கும் சீம்பால்

‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. அச்செல்வம் நிலைப்பதும் அழிவதும் கன்று பிறந்த முதல் சில மணி நேரத்தைப் பொறுத்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

என் ஊர் கோத்தா திங்கி. இங்குள்ள தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவியதோடு மாடும் வளர்த்தனர். “நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றுக்குச் சீம்பால் கொடுக்க வேண்டும்” என்று பெரியவர்கள் கூற நான் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இவ்வழக்கம் உண்டு. நல்லெண்ணத்தில் தோன்றிய இவ்வழக்கமே கன்றின் உயிருக்கு உலை வைக்கிறது.

காரணம் என்ன? மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெறுகிறது. பசுவின் நஞ்சுக்கொடியோ அதைக் கடத்துவதில்லை. ஆகவே, கன்று ஏறக்குறைய எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கிறது. அதனை ஈடுசெய்வது சீம்பால் ஒன்றே. ஆனால், அச்சக்தியை உறிஞ்சும் கன்றுக்குடலின் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. நஞ்சுக்கொடி விழவோ 12 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை காத்திருந்தால் பொன்னான நேரம் கைநழுவிவிடும். பின்னர் கழிச்சலும் சளிக்காய்ச்சலும் கன்றை எளிதில் வீழ்த்தும். மேலும், கன்று மடியில் ஊட்டும்போது பசுவின் கருப்பை சுருங்குவதால், நஞ்சுக்கொடி விழவும் அது துணைபுரிகிறது.

எனவே, பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டத் தொடங்க வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்குச் சுமார் 3 லிட்டர், முதல் ஆறு மணி நேரத்திற்குள் உள்ளே செல்வது நன்று.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உள:

1. முன்னங்கால்கள் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் முதலில் வருவதே இயல்பு. பனிக்குடம் தெரிந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வெளிவராவிட்டால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

2. பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை அகற்றி, காய்ந்த சாக்கினால் உடலைத் தேய்த்துவிட வேண்டும்.

3. தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் நனைக்க வேண்டும்.

4. படுக்கை ஈரமாக இருக்கக் கூடாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெருவெள்ளம் கண்டது எங்கள் ஊர். மழைக்காலத்தில் ஈனும் பசுவுக்கு மேடான, காய்ந்த இடம் கட்டாயம் தேவை.

சீம்பாலைக் காய்ச்சி இனிப்பாக உண்பது நமக்குப் பிடித்த ஒன்றுதான். ஆயினும், முதல் உரிமை கன்றுக்கே. அதன் வயிறு நிறைந்த பின் எஞ்சியதே நமக்கு. விடுமுறைக்கு வீடு திரும்பும் நண்பர்களே, மாடு வளர்க்கும் உறவினர்களிடம் இதை எடுத்துக் கூறுங்கள்; நாம் கற்ற கல்வி ஒரு கன்றையாவது காப்பாற்றட்டும்!