முழங்கால் மாற்று: ஆபரேஷனுக்கு முந்தைய எட்டு வாரங்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில், தேய்ந்துபோன எலும்புப் பரப்புகளைச் சீவி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தையும் உறுதியான பிளாஸ்டிக்கையும் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் புதிய மூட்டு தானாக நடக்காது. அதை நடக்கவைப்பவை தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசைகள். அந்தத் தசைகளை ஆபரேஷனுக்குப் பல வாரங்கள் முன்பே வலுப்படுத்திக்கொள்வதுதான் முன்பயிற்சி.

இதில் முதன்மையானது தொடையின் முன்பக்கத் தசை. நாற்காலியிலிருந்து எழுவதும், படியிறங்கும்போது உடல் எடையைத் தாங்கி மெல்ல இறக்குவதும், நிற்கும்போது முட்டி மடங்கிவிடாமல் காப்பதும் இதன் வேலை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்தத் தசை முன்னரே மெலிந்திருக்கும். வலிக்குப் பயந்து காலை அதிகம் பயன்படுத்தாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. வீங்கிய மூட்டிலிருந்து புறப்படும் நரம்புச் செய்திகள், தசைக்குப் போகும் கட்டளையைத் தண்டுவடத்திலேயே அடக்கிவிடுகின்றன. நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழு வேகத்தில் இயங்காது. இதைச் சோம்பல் என்று வீட்டார் கடிந்துகொள்வது நியாயமில்லை.

ஆபரேஷன் இந்தப் பலவீனத்தை இன்னும் கூட்டுகிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் கழித்து முன்தொடைத் தசையின் வலிமை முன்பிருந்ததைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. தசை சுருங்கியதைவிட, நரம்பு அதை முழுதாக இயக்க முடியாமல் போனதே இதற்குப் பெரிய காரணம். 20 கிலோ விசையோடு ஆபரேஷனுக்குப் போனவருக்கு 8 மிஞ்சும். 30 கிலோவோடு போனவருக்கு 12 மிஞ்சும். உடம்பு இப்படி நேர்க்கணக்காக நடந்துகொள்வதில்லை என்றாலும், வலுவோடு போகிறவர் ஓராண்டு கழித்தும் நன்றாக நடக்கிறார், படியேறுகிறார் என்பதை அதே குழுவினரின் ஆய்வு காட்டியது.

மூட்டு மடங்கும் அளவும் இப்படித்தான். சாதாரணமாக நடக்க முட்டி ஏறக்குறைய 65 பாகை மடங்கினால் போதும். படிகளுக்கு 90 பாகையும், தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 100 பாகைக்கு மேலும் வேண்டும். முன்பு எவ்வளவு மடங்கியதோ, அதைப் பொறுத்தே பின்பு மடங்குவதும் பெருமளவு அமைகிறது. முழுதாக நீட்ட முடியாத கால் இன்னும் தொல்லை. நிற்கும் ஒவ்வொரு நொடியும் தசை உழைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பயிற்சிகள் எளியவை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து நொடி பிடிப்பது முதற்படி. பிறகு மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலை ஒரு சாண் உயர்த்துவது. குதிகாலைப் படுக்கையில் உரசியபடி இடுப்பை நோக்கி இழுத்து மடக்குவது. பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது. இவை பழகியபின், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. உயரமான நாற்காலியில் தொடங்கி, வாரம் செல்லச் செல்ல உயரத்தைக் குறைக்கலாம்.

சுமை கூடாவிட்டால் வலிமையும் கூடாது. மாதக்கணக்கில் அதே பத்து தடவை காலைத் தூக்கிவிட்டுப் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். ரப்பர் பட்டையோ, கணுக்காலில் கட்டும் எடையோ சேர்த்து, பத்தாவது முறை உண்மையிலேயே கடினமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பெயினில் நடந்த ஒரு சோதனையில் வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிட அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் குறைந்த வலியோடும் கூடுதல் வலிமையோடும் இருந்தார்கள். பயிற்சியின்போது ஓரளவு வலிப்பது தவறில்லை. அது மறுநாளும் தணியாமலிருந்தாலோ, முட்டி வீங்கினாலோ சுமையைக் குறைக்க வேண்டும்.

முன்பயிற்சியின் ஆதாயம் பெரும்பாலும் தொடக்க வாரங்களில்தான் தெரிகிறது. ஓராண்டு கழித்து ஒப்பிட்டால் பயிற்சி செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையிலான வித்தியாசம் பல ஆய்வுகளில் மங்கிவிடுகிறது. ஆனாலும் வாக்கரை விட்டுவிட்டுத் தன் வேலையைத் தானே பார்க்கும் நாள் சற்று முன்னதாக வரும். அறுபது, எழுபது வயதில் அது சிறிய லாபமல்ல.

டென்மார்க்கில் ஹ்விடோவ்ரெ மருத்துவமனையில் நடந்த சோதனை வேறொரு திருப்பத்தைத் தந்தது. மூட்டு மாற்றுக்குத் தகுதியான 140 பேருக்கு ரப்பர் பட்டையால் முட்டியை நீட்டும் ஒரே ஒரு பயிற்சியைக் கொடுத்து, வாரம் 2, 4, 6 முறை என மூன்று குழுக்களாக வீட்டிலேயே 12 வாரம் செய்யச் சொன்னார்கள். மூன்று குழுக்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாரம் இரண்டு முறையே போதுமானதாக இருந்தது. பயிற்சி முடிந்து மறுபடி கலந்தாலோசித்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளிவைத்தார்கள்.

தசையோடு வேறு சில ஏற்பாடுகளும் உண்டு. பெரும்பாலான மருத்துவமனைகளில் ஆபரேஷன் நாளிலோ மறுநாளோ நடக்கவைத்துவிடுகிறார்கள். வாக்கரைப் பிடித்து நடக்க முன்பே பழகியவர் அப்போது தடுமாறுவதில்லை. வாக்கரில் உடலைத் தாங்கக் கைகளுக்கும் வலு வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, ரத்தசோகை, புகைப்பழக்கம் மூன்றும் காயம் ஆறுவதைக் கெடுப்பவை, அவற்றையும் இந்த வாரங்களிலேயே சரிசெய்யத் தொடங்க வேண்டும். வீட்டில் கால் இடறும் விரிப்புகளை அகற்றுவதும், குத்தவைக்கும் கழிவறையானால் நாற்காலி வகை ஏற்பாடு செய்வதும் அவசியம்.

இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடைப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. பயிற்சியின்போது நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அதையும் அன்றே காட்டிவிட வேண்டும்.