ஆலங்காட்டுப் பேயும் தனிநடிப்பு மேடையும்

காரைக்காலம்மையார் வரலாற்றை ஒருவரே நின்று ஆடிக்காட்டும் தனிநடிப்பில் மாங்கனியே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றது. கணவன் அனுப்பிய கனிகளும், அடியார்க்கு அமுதிட்டதும், பரமதத்தன் அஞ்சிப் பிரிந்து சென்றதுமே பொழுதைக் கவர்ந்துகொள்ள, பேய்வடிவு இறுதியில் சிறிது தோன்றி மறைகின்றது. இம்முறை அம்மையார்க்கு இழைக்கும் நேர்மை எத்துணையது என்பதை அவர்தம் நூல்களைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவற்றில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை. அவ்வரலாற்றை நமக்கு விரித்துரைத்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார். அம்மையார்க்கும் அவர்க்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. சேக்கிழாரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. அவர் வீட்டைப் பாடினார். அம்மையார் காட்டைப் பாடினார். மேடையோ வீட்டிலேயே தங்கிவிட்டது.

காட்டில் நடிப்பிற்கு இடமில்லையோ எனின், அங்கேதான் மிகுதியாக உண்டு. முதற்பதிகத்தில் ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டுகின்றது, கொள்ளிக்கட்டையை வாங்கி மசித்து மை தீட்டிக்கொள்கின்றது, உரக்க நகைக்கின்றது, பின்னர்த் தானே வெருள்கின்றது, பிணத்தீ சுட்டுவிடவே சினந்து புழுதியை அள்ளி வீசி அதனை அவிக்கின்றது. ஒரே பாட்டில் ஒப்பனை, நகை, அச்சம், வெகுளி ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தனிநடிகைக்கு இதனினும் சிறந்த வாய்ப்பு யாது? மற்றொரு பாட்டிலே தாய்ப்பேய் தன் பிள்ளைக்குக் காளி எனப் பெயரிட்டு, புழுதி துடைத்துப் பாலூட்டிச் செல்கின்றது. தாய் வரக் காணாது பிள்ளை அழுதழுது உறங்கிவிடுகின்றது. இல்லறத்தை நீங்கிய பெண்ணொருத்தி சுடுகாட்டில் கண்ட தாய்மை இது. மேடையில் மாங்கனிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இக்குழவிக்கு ஈயலாம் என்போம்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. அம்மையார் தனியர் என்பது மானிடச் சுற்றத்தை நோக்கியே உண்மை. அவர் காட்டிய காடு ஆளற்ற வெளியன்று. பேய்கள் நிறைந்த ஊர். பதிக இறுதியில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறித்து, அவ்வினத்துள் ஒருத்தியாகின்றார். தொடக்கத்தில் வரும் பெண்பேயின் வருணனை அவர் தம்மையே சுட்டியதோ, பிறிதொன்றையோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். நடிகை இரண்டையும் ஒருடலில் காட்டவியலும். தனிநடிப்பின் ஆற்றலே அதுதானே! 1973இல் வெளிவந்த காரைக்கால் அம்மையார் திரைப்படத்தில் இளமைக்கு இலட்சுமியும் முதுமைக்கு கே. பி. சுந்தராம்பாளும் எனப் பாத்திரம் இருவர்க்குப் பகிரப்பட்டது. மேடைக்கு அவ்வசதி இல்லை.

இசையும் நூலுள்ளேயே கிடக்கின்றது. முதற்பதிகம் நட்டபாடை, இரண்டாவது இந்தளம். முன்னதில் கொக்கரை, தக்கை, வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை எனக் கருவிகள் அடுக்கிவர, நரம்புகளின் பெயர்களும் உடன்வருகின்றன.

இனி, இடத்தைப் பற்றி ஒரு சொல். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியன்று மாங்கனித் திருவிழாவில் மாடிகளினின்றும் கனிகள் வீசப்படுகின்றன. அருகே கருக்களாச்சேரி முதலிய மீனவர் ஊர்கள் மணலும் கடலுமாகக் கிடக்கின்றன. எட்டியும் இலவமும் சூரையும் அடர்ந்த ஆலங்காடோ, வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஆதலின் இக்கடற்கரையில் ஆடுபவள் காட்டைத் தன் மெய்யாலேயே முளைப்பிக்க வேண்டும், திரைச்சீலை துணைபுரியாது.

எஞ்சுவது கடினமான வினா. ஆடுபவன் இறைவன், அம்மையார் பாடுபவர். கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்சிற்பத்திலும் அவர் ஆடலானின் அருகில் அமர்ந்தே இருக்கின்றார். சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் எலும்பு தெரியும் மேனியுடன் கையில் தாளம் ஏந்துகின்றார். சேக்கிழாரும் ஆடும் அடியின்கீழ் இருக்க வேண்டியதாகவே கூறுகின்றார். நாட்டியம் பயின்றவள் இறைவனது ஆடலைத் தானே ஏற்று, காண்பவளை மறந்துவிடுவது எளிது. அவ்வாறு மறந்த இடத்தில் அம்மையார் மேடையை விட்டு நீங்கிவிடுகின்றார். முழவு உச்சத்தில் ஒலிக்கும்போது கால்களை அடக்கி, தரையில் அமர்ந்து, மேல்நோக்கிய கண்ணோடு தாளமிடுவாளாயின், ஆடுபவனை அவையோர் அக்கண்ணிலேயே காண்பர்.