'ப்ரீபோன்' தப்பான இங்கிலீஷா? 1549-லேயே இருந்த வார்த்தை இது!

"நாளைக்கு நாலு மணி மீட்டிங், ரெண்டு மணிக்கே ப்ரீபோன் ஆயிடுச்சு!"

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி மெசேஜ் வந்தால் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். இதையே லண்டனில் இருப்பவருக்கு அனுப்பினால், 'போஸ்ட்போனைத் தப்பா டைப் பண்ணிட்டாங்களோ' என்று குழம்பக்கூடும்.

நான் டிப்ளோமா படித்தபோது, ஆசிரியர் என் பேப்பரில் இந்த வார்த்தையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'இப்படி ஒரு வார்த்தையே இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து மெயிலில் அதை எழுதவே கை கூசும்.

ஆனால், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வேறு கதை சொல்கிறது. லத்தீனில் 'போனெரே' என்றால் வைப்பது. அதோடு 'போஸ்ட்' (பின்) சேர்ந்தால் போஸ்ட்போன். 'ப்ரே' (முன்) சேர்ந்தால் ப்ரீபோன். இங்கிலாந்தின் ராபர்ட் குரோலி 1549-லேயே இதை எழுதியிருக்கிறார். அப்போது அதன் பொருள், 'ஒன்றைக் கண்முன்னால் வைப்பது'. நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்றைய அர்த்தம் வந்தது 1913-ல். ஜான் ட்ரெனர் என்பவர் 'நியூயார்க் டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில், எப்போது பார்த்தாலும் 'போஸ்ட்போன்' சொல்லும் வக்கீல்களுக்காக இதை உருவாக்குவதாகச் சொன்னார். வாய்தா தொல்லை அங்கேயும் இருந்திருக்கிறது போல! ஆனால், அமெரிக்காவில் அது ஒட்டவில்லை. ஒட்டியது நம் ஊரில்தான். இப்போது அகராதிகள் 'இந்திய ஆங்கிலம்' என்ற குறிப்போடு இதைச் சேர்த்திருக்கின்றன.

சரி, இந்த வார்த்தை இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? 'மூவ் ஃபார்வர்ட்' என்கிறார்கள். அதில்தான் சிக்கல். 'புதன்கிழமை மீட்டிங் ரெண்டு நாள் மூவ் ஃபார்வர்ட் ஆகியிருக்கிறது' என்றால், மீட்டிங் என்றைக்கு? உளவியலாளர் லெரா பொரோடிட்ஸ்கி இதைக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் திங்கள் என்றார்கள், மீதிப் பேர் வெள்ளி என்றார்கள். ஏர்போர்ட்டில் கேட்டபோது இன்னும் வேடிக்கை. ஆளை அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் விமானத்தில் வந்திறங்கியவர்கள் அதிகமாக 'வெள்ளி' என்றார்கள். பயணத்தில் முன்னோக்கிப் போகிற மனசு, நாளையும் முன்னோக்கித் தள்ளிவிடுகிறதாம்.

'ப்ரீபோன்' என்று சொல்லியிருந்தால் திங்கள்தான். குழப்பமே இல்லை.

வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதும்போது மட்டும் கொஞ்சம் கவனம். பக்கத்திலேயே புதுத் தேதியையும் நேரத்தையும் போட்டுவிடுங்கள்.