இலையுதிர்கால உறைபனி

இலையுதிர்கால உறைபனி என்பது மிதவெப்ப மண்டல நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், முகிலற்ற இரவுகளில் புல், இலை, மண் முதலியவற்றின் மீது காற்றிலுள்ள நீராவி பனிப்படிகங்களாகப் படிவதைக் குறிக்கும். தமிழில் பனி என்னும் ஒரே சொல் பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு ஆகிய அனைத்தையும் சுட்டுவதால் இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது உண்டு. உறைபனி வானிலிருந்து பொழிவதில்லை; படியும் இடத்திலேயே உருவாகின்றது. இங்கு இங்கிலாந்தின் உறைபனி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

ஒரு வாரத்தின் போக்கு

இங்கிலாந்தின் உட்பகுதிகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இத்தகைய வாரம் பெரும்பாலும் மழையுடன் தொடங்கும். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் குளிர்முகம் ஒன்று கடந்து சென்றதும் காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கும். அதன் பின்னால் உயர் அழுத்தப் பகுதி வந்து நிலைகொள்ளும்போது வானம் தெளிந்து, காற்று ஓய்ந்துவிடும். பகல் வெயில் இதமாக இருந்தாலும் இரவில் நிலம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கின்றது. மூன்று, நான்கு இரவுகள் இவ்வாறு தொடர்ந்து உறைபனி படியக்கூடும். மீண்டும் மேற்கிலிருந்து முகில்கள் வந்து சேரும்போது இந்நிலை முடிவுக்கு வரும். முகில்கள் ஒரு போர்வையைப் போல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றன.

இதை முறையாக விளக்கியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்லசு வெல்சு (1757–1817). இவர் கம்பளி மயிர்க் கற்றைகளை இரவில் வெளியே வைத்து, அவற்றில் படிந்த பனியை நிறுத்துப் பார்த்து, 1814ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். பொருட்கள் பனி படிவதால் குளிர்வதில்லை, முதலில் குளிர்வதாலேயே அவற்றின் மீது பனி படிகின்றது என்பது அவரது முடிவு.

வெப்பமானி காட்டாத குளிர்

வானிலை அறிக்கையில் 3 °செ எனக் கூறப்பட்ட இரவிலும் காலையில் புல்வெளி வெளுத்திருப்பதைக் காணலாம். அறிக்கை தவறானதன்று. காற்றின் வெப்பநிலை, பிரித்தானியாவில் தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் உள்ள ஸ்டீவன்சன் பெட்டிக்குள் அளக்கப்படுகின்றது. அமைதியான இரவில் புல்நுனி அதைவிடப் பல பாகை குளிர்ந்திருக்கும். எனவே அந்நாட்டு வானிலையாளர் காற்று உறைபனி, தரை உறைபனி என இரண்டாகப் பிரிக்கின்றனர். தரை உறைபனிக்கான எல்லை 1960 வரை −0.9 °செ ஆக இருந்து, பின்னரே 0 °செ ஆக மாற்றப்பட்டது. பழைய பட்டியல்களைப் புதியவற்றுடன் ஒப்பிடும் மாணவர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

செடி வளர்ப்போருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. அறிக்கையின் எண்ணை மட்டும் நம்பித் தக்காளி, அவரை, டாலியா ஆகியவற்றை மூடாமல் விட்டால் ஒரே இரவில் அவை கருகிவிடும். காற்று மிக உலர்ந்திருந்தால் வெண்படிவு தோன்றாமலேயே திசுக்கள் உறைந்துவிடுவதும் உண்டு. எல்லாப் பயிருக்கும் உறைபனி பகையன்று. பார்சினிப் கிழங்கு குளிரில் தன் மாப்பொருளின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றி இனிப்புப் பெறுகின்றது.

பனிக்குழிகள்

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாதலால் நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எர்ட்ஃபோர்டுசயர் மாவட்டத்தின் ரிக்மன்சுவர்த் அருகிலுள்ள பள்ளத்தாக்கு இதற்குப் பெயர்பெற்றது. அங்கு தொடர்வண்டிப் பாதைக்காக எழுப்பப்பட்ட மண்கரை, குளிர்காற்று வடிந்து செல்வதைத் தடுக்கின்றது. 1930களில் அங்கு எடுக்கப்பட்ட அளவீடுகள் சுற்றுப்புறத்தை விட மிகக் குறைந்த இரவு வெப்பநிலைகளைக் காட்டின.

நீலகிரியிலும் இதே செயற்பாடே நிகழ்கின்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பின், உதகமண்டலத்தைச் சூழ்ந்த தாழ்வான புல்வெளிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உறைபனி படிந்து கொழுந்துகள் கருகுகின்றன. சற்று மேலே, சரிவில் உள்ள செடிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.