சரக்குச் சங்கிலி

வியாபாரத்தில் மேம்பட விரும்புவோர் விற்கும் திறமையொன்றையே கற்றால் போதாது. மூலப்பொருள் கிடைக்குமிடந் தொடங்கி, வாங்குவோர் கைசேரும்வரை சரக்குச் செல்லும் வழி ஒரு சங்கிலி போன்றது. அதில் ஒரு கண்ணி அறுந்தால், மற்றவை உறுதியாயிருந்தும் பயனில்லை.

இதற்கு ஜப்பான் தேசத்து டொயோட்டா மோட்டார் கம்பெனியின் அநுபவத்தைச் சான்றாகக் காட்டுவோம். வேண்டிய உறுப்புகளை வேண்டிய வேளையில் மட்டும் தருவித்துக்கொள்வது அக்கம்பெனியின் முறை. இதனால் கிடங்குச் செலவு குறையும். முதலும் முடங்கிக் கிடவாது. ஆயினும், 1997-ஆம் வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி விடியற்காலையில், காரியா நகரில் ஐஸின் கம்பெனியின் தொழிற்சாலையொன்று தீக்கிரையாயிற்று. பின்சக்கரங்கள் சறுக்காதபடி பிரேக்கின் அழுத்தத்தைச் சீர்செய்யும் சிறு வால்வை டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் அளித்துவந்தது அச்சாலையே. கையிருப்போ சொற்பம். அச்சிற்றுறுப்பு இன்மையால், ஜப்பானிலிருந்த டொயோட்டா தொழிற்சாலைகள் ஏறக்குறைய யாவும் நின்றன.

பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வால்வின் வரைபடங்கள் பல கம்பெனிகளுக்கு வழங்கப்பட்டன. அதுவரை அதனைச் செய்தறியாதவர்களும், தையல் யந்திரம் செய்யும் பிரதர் கம்பெனியார் உட்பட, கூலி பேசி முடிக்குமுன்னரே வேலையில் இறங்கினர். சில நாட்களில் வால்வுகள் வரத்தொடங்கின. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வண்டிகள் முன்போல் வெளிவந்தன.

ஆகவே, இன்றியமையாத உறுப்புக்கு ஒரே இடத்தை நம்பியிருத்தலாகாது. சிறிதேனும் கையிருப்பு வேண்டும். சரக்களிப்போரை விலையொன்றாலேயே மதியாது, நல்ல நாளிலேயே அவர்களிடம் நாணயமாக நடந்து நட்பைப் பேணவேண்டும். அந்நட்பே இடுக்கணில் டொயோட்டாவைக் காத்தது என்பது எமது கருத்து.