பரணில் இருக்கும் புரொஜக்டர்: பிளக்கைச் செருகும் முன்

நமது வணிகக் குடும்பங்கள் சிலவற்றில், பரணிலோ குடோன் மூலையிலோ கைப்பிடி வைத்த கனமான பெட்டி ஒன்று இருக்கும். திறந்து பார்த்தால் 8 மில்லிமீட்டர் புரொஜக்டர். கூடவே தகர டப்பாக்களில் நாலைந்து பிலிம் சுருள்கள். அக்கரைச் சீமையில் வியாபாரம் செய்து திரும்பியவர்கள் கொண்டு வந்தவை சில. பின்னாளில் அமெரிக்கா சென்ற பிள்ளைகள் கொண்டு வந்தவை சில. கடை திறப்பு விழா, ஆயுத பூஜை, சஷ்டியப்த பூர்த்தி, இன்று படமாகிவிட்ட பெரியவர் கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பது, இவையெல்லாம் அந்தச் சுருள்களில் இருக்கும். வீட்டைக் காலி செய்யும்போதோ பாகப் பிரிவினையின்போதோதான் பெட்டி கீழே இறங்குகிறது.

மொத்த மளிகை வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தராசு, சுவர்க் கடிகாரம், தையல் மெஷின் என்று பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் நமக்குள்ள பற்று கடைத்தெருவில் பலரும் அறிந்ததே. அந்த வழியில் இந்தப் பெட்டிகளும் நம்மிடம் வந்து சேர்கின்றன. கொண்டு வருகிறவர் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, இது ஓடுமா?" என்பதுதான். நாம் முதலில் சொல்வது, "பிளக்கைச் செருகிவிடாதீர்கள்" என்பது.

காரணம் உண்டு. வீட்டுப் படப் பிலிம் பெரும்பாலும் ரிவர்சல் வகை. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் கழுவப்பட்டுத் திரையில் ஓடும் படமாகிறது. போட்டோ ஸ்டுடியோவில் இருப்பது போல் இதற்குத் தனியாக நெகடிவ் கிடையாது. சுருள் கிழிந்தால் இன்னொரு பிரதி எடுக்க வழி இல்லை.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்படி ஒரு பெட்டியை வீடியோ கடை ஒன்றில் கொடுத்தார். அங்கிருந்தவர் பிலிமை மாட்டி உடனே சுவிட்சைப் போட்டுவிட்டார். பல்பு எரிந்தது, பெல்ட் சுற்றவில்லை. நின்ற பிலிம் விளக்குச் சூட்டில் குமிழ் விட்டு உருகியது. பதற்றத்தில் பிடித்து இழுத்ததில் மூன்றடி நாசமாயிற்று. சூப்பர் 8 பிலிமில் மூன்றடி என்பது திரையில் 12 விநாடி. நண்பரின் தாயார் புதுக்கடையில் குத்துவிளக்கு ஏற்றியது அந்த 12 விநாடியில்தான் இருந்தது. அந்த அம்மாள் அசைந்து பேசும் படம் வேறு எதுவும் அந்த வீட்டில் இல்லை.

ஆகவே முதலில் பிலிம், பிறகுதான் மெஷின். 16 மில்லிமீட்டர் 1923-லும், 8 மில்லிமீட்டர் 1932-லும், சூப்பர் 8 என்பது 1965-லும் கோடாக் கம்பெனியால் வந்தவை. 8-ம் சூப்பர் 8-ம் அகலத்தில் ஒன்றே, ஓட்டைதான் வேறு. பழைய 8-இல் ஓட்டை பெரியது, இரண்டு படங்களுக்கு நடுக்கோட்டில் இருக்கும். சூப்பர் 8-இல் ஓட்டை சிறியது, படத்தின் பாதி உயரத்துக்கு நேராக இருக்கும். ஸ்பூலின் நடுத்துளையும் சூப்பர் 8-க்குப் பெரியது. ஒன்றை மற்றதில் ஓட்டினால் ஓட்டைகள் கிழிந்துகொண்டே போகும். இரண்டும் ஓடும் மெஷின்களில் மாற்றுவதற்கு ஒரு விசை இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் பிலிமைத் தொடக் கூடாது.

அடுத்து டப்பாவைத் திறந்து முகர வேண்டும். வினிகர் பாட்டில் விற்கிற நமக்கு அந்த வாடை புதிதல்ல. அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கெடும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே கேட்டை இன்னும் வேகப்படுத்துகிறது, பக்கத்து டப்பாவுக்கும் பரவுகிறது. அழுகிய வெங்காயத்தை மூட்டையிலிருந்து பிரிப்பது போல அந்தச் சுருளை உடனே தனியே வைத்துவிட வேண்டும். வாடை வந்த பிலிமும், சுருங்கி ஓலை போல் வளைந்த பிலிமும் புரொஜக்டரில் ஓடத் தகுதியற்றவை. அவற்றை நேரே ஸ்கேன் செய்யக் கொடுப்பதே முறை.

இனி மெஷினுக்கு வருவோம். மின்சாரம் இல்லாமலே பக்கவாட்டில் உள்ள கைத்திருகைச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் அது இருக்கும். சுலபமாகச் சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் உள்ளே கிரீஸ் மெழுகு போல் உறைந்திருக்கிறது. பலவந்தம் செய்தால் பல்சக்கரம் உடையும். பழைய கிரீஸை வழித்துத் துடைத்துப் புதிதாக மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். எண்ணெய்த் துளைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கையருகே இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சில மாதத்தில் அது பிசினாகிவிடும். அதிகம் விட்டாலும் கெடுதல்தான், எண்ணெய் பிலிமில் தெறிக்கும்.

ரப்பர் பெல்ட்தான் அநேகமாக முதல் குற்றவாளி. காய்ந்து வெடித்திருக்கும், அல்லது தார் போல் உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாக வழித்தெடுத்து, அளவு பார்த்துப் புது பெல்ட் போட வேண்டும். பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்ட் உதவாது. ஆஸ்திரியாவின் யூமிக் மெஷின்கள் பலவற்றில் பெல்ட்டுக்குப் பதில் ரப்பர்ச் சக்கரம் உராய்ந்து ஓட்டுகிறது. ஓட்டும் நிலையிலேயே விசையை விட்டு வைத்திருந்தால் அந்த ரப்பரில் பள்ளம் விழுந்து ஓட்டம் தடதடக்கும். பெல் அண்ட் ஹவல் 16 மில்லிமீட்டர் மெஷின்களில் பிளாஸ்டிக் வார்ம் கியர் விரிசல் விடுவது பலரும் அறிந்த நோய். அதைக் கழற்றி மாற்றுவது அனுபவஸ்தர் வேலை.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 110 அல்லது 120 வோல்ட்டுக்கு உரியது. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் அவசியம். அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர 50 சைக்கிளை 60 ஆக்காது. ஆகவே சில மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும். பெல்ட்டை வேறு சுற்றளவுள்ள புல்லிப் பள்ளத்துக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒயரின் மேலுறை வெடித்திருந்தால் ஒயரையே மாற்றுங்கள். பல பழைய மெஷின்களுக்கு எர்த் கிடையாது, உடலோ இரும்பு.

முதல் ஓட்டம் பிலிம் இல்லாமல், பல்பும் அணைந்திருக்க, கால் மணி நேரம். பெல்ட் நழுவுகிறதா, விசிறி சுற்றுகிறதா, வாடை வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். விசிறி சுற்றாத மெஷினில் பல்பைப் போடவே கூடாது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் பட்டால் அந்த எண்ணெய்க் கறையில் சூடு ஏறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். துணியால் பிடித்து மாட்டுங்கள். பழைய பல்பின் வோல்ட்டும் வாட்டும் எவ்வளவோ அதுவே புதிதிலும் இருக்க வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்று கூடுதல் வாட் போடுவது பிலிமை வறுப்பதற்குச் சமம்.

பிலிம் செல்லும் வழியை, குறிப்பாகக் கேட்டை, சுத்தம் செய்ய மரக்குச்சியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஊசி, பிளேடு ஆகாது. அங்கே விழும் ஒரு கீறல், பிறகு ஓடும் ஒவ்வொரு சுருளிலும் முழு நீளத்துக்குக் கோடாக விழும். இத்தனையும் முடிந்து, யாருக்கும் வேண்டாத துண்டுப் பிலிம் ஒன்றை ஓட்டிப் பார்த்த பிறகே குடும்பப் படத்தை மாட்டலாம்.

படம் துள்ளினால் அல்லது மேலும் கீழும் இழுபட்டால், கேட்டுக்கு மேலும் கீழும் பிலிம் வளைந்து நிற்கும் லூப் போய்விட்டது என்று பொருள். உடனே நிறுத்தி லூப்பைச் சரி செய்தால் போதும். வெள்ளை எழுத்துகளுக்கு வால் முளைத்தது போல் தெரிந்தால் ஷட்டரின் நேரம் பிசகியிருக்கிறது; அதில் நாமே கை வைப்பதில்லை, தெரிந்தவரிடம் கொடுத்துவிடுகிறோம். கீழ் ஸ்பூல் சுற்றுகிறதா என்பதை முதல் நிமிடமே பாருங்கள். இருட்டறையில் ஐம்பதடிப் பிலிமும் தரையில் குவிந்து, அதன் மேல் நாற்காலி ஏறிய கதை உண்டு.

ஸ்கேன் செய்ய நினைப்பவர்கள் திரையில் ஓடுவதைச் செல்போனில் பிடிப்பதோடு திருப்தி அடைய வேண்டாம். படம் மினுக்கும், ஓரம் போய்விடும். ஒவ்வொரு படமாக எடுக்கும் ஸ்கேனரா, சுருங்கிய பிலிமைப் பல்சக்கரம் இல்லாமல் நகர்த்துமா என்று கேட்டுக் கொடுங்கள். சரக்கு அனுப்புகிறபோது பில் எழுதுகிறோமே, அதுபோல் சுருள் எத்தனை, நீளம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆனபின்பும் பிலிமை எறியக் கூடாது. நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரலாம்.

பரண் வீட்டிலேயே சூடான இடம். மிளகாய் மூட்டையும் உப்பு மூட்டையும் உள்ள குடோன் அதற்கும் மோசம். துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து எடுத்து பிளாஸ்டிக் டப்பாவில், காற்றோட்டமான உள்ளறை அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பூஞ்சை பார்க்க வேண்டும். படம் ஓட்டுகிற அன்று வீட்டின் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார் என்று கேட்டு, பெயரையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி அந்தந்த டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே தெரிந்த முகங்கள் அவற்றில் நிறைய இருக்கின்றன.