காலரா கிருமிக்குள் குடியேறிய நஞ்சு

கொல்கத்தா: காலராவை உயிர்க்கொல்லி ஆக்கும் நஞ்சு, அக்கிருமிக்கு இயல்பாக உரியதன்று, வெளியிலிருந்து வந்து குடியேறியது. இந்த உண்மையை நோக்கிய ஆய்வின் தொடக்கம் இந்நகரம்தான்.

ராபர்ட் கோச் 1884-ல் இங்கு காலரா கிருமியைப் பிரித்தெடுத்தார். அது நஞ்சைச் சுரக்கிறது என்று 1959-ல் மெய்ப்பித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. கிருமி நீக்கப்பட்ட வடிநீரே முயலின் குடலில் நீரைப் பெருக்கியதை அவர் காட்டினார். 1985-ல் மறையும் வரை, நம் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை.

நஞ்சுக்கான மரபணுவைச் சுமந்து வருவது ஒரு வைரஸ் என்று 1996-ல் அமெரிக்காவின் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலானோஸும் கண்டறிந்தனர். குரோமோசோமுக்குள் நுழைவதற்கான நொதி இந்த வைரஸிடம் இல்லை. பிணைந்துபோன குரோமோசோம்களைப் பிரிக்கப் பாக்டீரியா வைத்திருக்கும் நொதிகளையே அது பயன்படுத்திக் கொள்கிறது. வைரஸின் ஒற்றை இழை மடிந்து, அந்நொதிகள் வழக்கமாக வெட்டும் இடத்தைப் போலத் தோற்றம் காட்டுகிறது. உள்ளே சேர்ந்து இரட்டை இழையானதும் அந்த மடிப்பு மறைந்துவிடுகிறது. எனவே அதே வழியில் அதை வெட்டி வெளியேற்ற நொதிகளால் இயலுவதில்லை. பாக்டீரியா பெருகும்தோறும் நஞ்சும் வாரிசுரிமையாகத் தொடர்கிறது.

தமிழகத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. 1992 இறுதியில் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதிய வகைக் கிருமி, சில மாதங்களில் கல்கத்தாவைத் தாக்கியது. முந்தைய நோய் தந்த எதிர்ப்பாற்றல் அதனிடம் பலிக்கவில்லை. பெரியவர்களே பெருமளவில் பாதிக்கப்பட்டனர். கல்கத்தாவின் தேசிய காலரா ஆய்வு நிறுவனத்தின் டி.ராமமூர்த்தி, ஜி.பாலகிருஷ் நாயர் உள்ளிட்டோர் 1993-ல் அதனை உலகுக்கு அறிவித்தனர்.

சென்னையில் எடுக்கப்பட்ட அக்கிருமியில் எஸ்.எக்ஸ்.டி. என்ற மற்றொரு நகரும் மரபணுத் தொகுப்பும் இருந்தது. சல்ஃபாமெதாக்சசோல், டிரைமெத்தோபிரிம், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் அதில் அடங்கியிருந்தன. இத்தொகுப்பு தனக்கென நொதி வைத்திருப்பதால், குரோமோசோமிலிருந்து விடுபட்டு அடுத்த பாக்டீரியாவுக்கும் தாவ வல்லது. தேவையின்றி மருந்து வழங்குவது இத்தகைய கிருமிகளுக்கே சாதகமாகிறது.

ஆனால், எந்த மரபணுவாலும் வெல்ல முடியாத மருந்து ஒன்று உண்டு. 1971-ல் வங்க எல்லையிலுள்ள பன்கான் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். அந்தக் கரைசலும் தூய குடிநீரும் ஏழையின் வீடு வரை சென்று சேர வேண்டும். அது ஆய்வகத்தின் பணியன்று, அரசின் கடமை.